கல்லாவில் நிற்பவர் கேட்பாரா? வயது வராதவருக்கு மது விற்காமலிருக்க எந்த வழி நல்லது

வயது வராதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்று தெரியாத கடைக்காரர் யாருமில்லை. உரிமம் கைக்கு வரும்போதே சொல்லிவிடுகிறார்கள், கடைச் சுவரிலும் ஓர் அறிவிப்பு தொங்குகிறது. அப்படியும் விற்பனை நடக்கிறது. தெரிந்தே விற்பவர்கள் உண்டு; அவர்களுக்கு இந்தக் கட்டுரையால் எந்தப் பயனும் இல்லை. மற்ற கடைகளில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சாயங்கால நேரம், கல்லாவுக்கு முன்னால் ஐந்தாறு பேர். ஒரு பையன் நான்கு பீர் டின்னை வைத்துவிட்டு, போனைப் பார்த்தபடியே பணத்தை நீட்டுகிறான். தாடி லேசாக அரும்பியிருக்கிறது. "பதினெட்டு இருக்கும்" என்று ஊழியர் மனசுக்குள் சொல்லிக்கொண்டு பில்லைப் போட்டுவிடுகிறார். அவ்வளவுதான்.

அந்த ஊழியருக்குச் சட்டம் தெரியும், சந்தேகமும் வந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை. கேட்டால் முகம் சுளிப்பார்களோ, வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்களோ, 22 வயதுக்காரராக இருந்துவிட்டால் அவமானமோ என்று ஆயிரம் தயக்கம். அதனால் ஒவ்வொரு வழியையும் நான் முதலில் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்: கல்லாவில் நிற்பவர் ஐடி கேட்பதை அது எளிதாக்குகிறதா, இல்லை அவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுகிறதா? செலவும் தொழில்நுட்பமும் அதற்கு அப்புறம்.

25 வயது விதி

வரம்பு 18 ஆக இருக்கும் இடத்தில், "18 ஆகாதவர் போலத் தெரிந்தால் கேளுங்கள்" என்று ஊழியரிடம் சொல்வது வீண். பதினேழரைக்கும் பத்தொன்பதுக்கும் முகத்தில் வித்தியாசம் எழுதி ஒட்டியிருக்காது. இதைப் பார்த்துத்தான் பிரிட்டனில் கேட்கும் வயதை முதலில் 21 என்றும் பிறகு 25 என்றும் மேலே தள்ளினார்கள். விற்பதற்கான வரம்பு 18தான். ஆனால் 25க்குக் கீழே தெரிகிற எவரிடமும் அடையாள அட்டை கேட்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2011 அக்டோபர் 1 முதல் இது சட்டப்படியே கட்டாயம். சுவீடனின் அரசு மதுக்கடையான சிஸ்டம்போலாகெட்டில் வாங்கும் வயது 20. அங்கேயும் 25க்குக் கீழே தெரிந்தால் அட்டை காட்டச் சொல்வார்கள்.

ஊழியரின் கணிப்பு நாலைந்து வருடம் தப்பினாலும் ஏழு வருட இடைவெளி அதைத் தாங்கிக்கொள்ளும். அதைவிடப் பெரிய வசதி பேச்சில் கிடைக்கிறது. "உங்களுக்குப் பதினெட்டு ஆகலைன்னு நான் சொல்லலைங்க. இருபத்தைந்துக்குக் கீழே தெரிஞ்சா எல்லாரையும் கேட்கணும், இது கடை விதி" என்று ஊழியரால் சொல்ல முடிகிறது. இளமையாகத் தெரிகிறீர்கள் என்ற அர்த்தம் அதில் இருப்பதால் 24 வயதுக்காரருக்கும் பெரிதாகக் கோபம் வராது. ஊழியரின் சொந்தச் சந்தேகமாக இருந்தது கடையின் பழக்கமாக மாறிவிடுகிறது.

ஆனால் இந்த விதி கரையும். சுவரொட்டி ஒட்டிய முதல் வாரம் எல்லோரையும் கேட்பார்கள். நாள் ஆக ஆக, 25 என்பது ஊழியரின் மனசில் 22 ஆகி, 20 ஆகி, பழையபடி "பையன் போல இருந்தால்" என்ற இடத்துக்கே வந்துவிடும். மேற்பார்வை இல்லாத கடையில் 25 விதி சுவரில் மட்டும்தான் இருக்கும்.

அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அம்மாவோடு பால் வாங்க வந்த குழந்தை வளர்ந்து நிற்கும். பெயர் தெரியும், வீடு தெரியும், வயது மட்டும் சரியாகத் தெரியாது. பழகிய முகத்துக்கு வயதைக் கூட்டிச் சொல்லிவிடுவது மனித இயல்பு. எத்தனை வருடமாகப் பார்க்கிறோம்! பெரிய சூப்பர் மார்க்கெட் ஊழியருக்கு அந்நியரிடம் கேட்பது எளிது. தெரிந்த வீட்டுப் பிள்ளையிடம் கேட்பதுதான் கஷ்டம். "போன வாரமே காட்டினேனே" என்ற பதிலும் வரும். அதே ஊழியர் தன் கண்ணால் பார்த்திருந்தால் சரி. "இன்னொரு அண்ணன் பார்த்தாரு" என்றால் திரும்பக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எல்லோரையும் கேட்பது

அப்படியானால் கணிப்பே வேண்டாம், மது வாங்கும் எல்லோரும் அட்டை காட்டட்டும் என்று வைத்துவிட்டால்? ஊழியரின் சங்கடத்தை முழுவதும் துடைத்துவிடும் வழி இதுதான். யாரையும் சந்தேகப்படவில்லை, யாருக்கும் விலக்கு இல்லை.

அமெரிக்காவில் சில மாநிலங்கள் இதைச் சட்டமாகவே போட்டுப் பார்த்தன. டென்னசி 2007இல் கடையில் பீர் வாங்கும் எல்லோரும் அட்டை காட்ட வேண்டும் என்றது. பின்னர் 50 வயதுக்கு மேல் தெரிபவர்களுக்கு விலக்குக் கொடுத்தது. இண்டியானா 2010இல் அதேபோல ஆரம்பித்து, அடுத்த ஆண்டே 40 வயதுக்குக் கீழே தெரிபவர்கள் மட்டும் காட்டினால் போதும் என்று இறங்கி வந்தது. நரைத்த தலையிடம் பிறந்த தேதி கேட்பது அபத்தம் என்று வாடிக்கையாளருக்கும் தெரியும், ஊழியருக்கும் தெரியும். அபத்தம் என்று தெரிந்த விதியை ஊழியரே மீற ஆரம்பிப்பார். ஒன்றை மீறிப் பழகிய கைக்கு அடுத்ததும் எளிது.

ஆனாலும் இந்தப் பின்வாங்கலில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. இரண்டு மாநிலங்களும் 25க்கு வந்து நிற்கவில்லை, 40இலும் 50இலும் நின்றுகொண்டன. ஊழியர்கள் அடிக்கடி மாறும் கடைக்கு, பகுதி நேரமாக மாணவர்களே கல்லாவில் நிற்கும் கடைக்கு, 25ஐவிட 40 நல்ல கோடு என்பது என் எண்ணம். 19 வயது ஊழியருக்கு 25 வயது எப்படி இருக்கும் என்று தெரியாது. அம்மா அப்பா வயது எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும்.

கல்லா மெஷினே கேட்டால்

மது பாட்டிலின் பார்கோடை ஸ்கேன் செய்தவுடன் பில்லிங் மெஷின் நின்றுவிட வேண்டும். திரையில் வயது சரிபார்த்தாயா என்ற கேள்வி வரவேண்டும். பதில் கொடுக்காமல் பில் போகக் கூடாது. இப்போது பல பில்லிங் மென்பொருள்களில் இந்த வசதி இருக்கிறது; பெரும்பாலும் செட்டிங்ஸில் போய் ஒரு பொருள் வகையைக் குறித்துவிட்டால் போதும்.

ஆனால் திரை எதைக் கேட்கிறது என்பதில் விஷயம் இருக்கிறது. "18க்கு மேலா? ஆம் / இல்லை" என்று மட்டும் கேட்டால், ஒரு நாளைக்கு நூறு முறை "ஆம்" அழுத்திப் பழகிய விரல் யோசிக்காமல் அழுத்திவிடும். ஜப்பானில் வாங்கும் வயது 20. அங்கே கன்வீனியன்ஸ் கடைகளில் வாடிக்கையாளரே திரையைத் தொட்டு "எனக்கு 20 ஆகிவிட்டது" என்று உறுதி சொல்லும் முறை உண்டு. சுமை ஊழியரிடமிருந்து வாங்குபவர் பக்கம் போகிறது, உண்மைதான். பொய் சொல்ல நினைப்பவருக்கு அது ஒரு பட்டன், வேறொன்றுமில்லை.

நல்ல திரை தேதியைக் காட்டும்: "இந்தத் தேதியிலோ அதற்கு முன்போ பிறந்திருக்க வேண்டும்." இது எவ்வளவு உதவும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். இன்று 2026 ஜூன் 10 என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் 22-09-2008 என்று இருக்கிறது. வரிசை நீள்கிறது. 2026இலிருந்து 2008 போனால் 18. சரி, கொடுத்துவிடலாம். ஆனால் பிறந்த நாள் செப்டம்பரில்தான் வருகிறது, பையனுக்கு இன்னும் 17தான். ஐடி கேட்டு, வாங்கிப் பார்த்து, அதற்கப்புறமும் தப்பாக விற்பது இப்படியும் நடக்கும். திரையில் 10-06-2008 என்று பளிச்சென்று இருந்தால் கழித்தல் கணக்கே தேவையில்லை, இரண்டு தேதிகளை ஒப்பிட்டால் போதும். மெஷின் இல்லாத கடையில் காலையில் கடை திறக்கும்போது அந்தத் தேதியை ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தால் அதே வேலை நடக்கும். இதற்குச் செலவே இல்லை.

ஜெர்மனி போன்ற இடங்களில் பீருக்கும் ஒயினுக்கும் 16, காட்டமான மதுவகைகளுக்கு 18. அங்கே பொருளுக்குப் பொருள் தேதியை மாற்றிக் காட்டும் மெஷின் இன்னும் கூடுதலாகக் கைகொடுக்கும்.

தானே ஸ்கேன் செய்து கட்டும் கவுண்டர்கள் இருக்கும் கடையில் கதை வேறு. அங்கே மெஷின் நிறுத்தும், ஊழியர் வந்து அனுமதி கொடுக்க வேண்டும். ஆறு மெஷினுக்கு ஓர் ஆள் என்றால், தூரத்திலிருந்தே பார்த்து அனுமதி அழுத்திவிட்டுப் போவார். கிட்டே வந்து முகத்தைப் பார்க்க ஆள் இல்லையென்றால், மதுவை அந்தக் கவுண்டரில் விற்காமலிருப்பதே மேல்.

கேமரா, போன்

முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்கும் கேமரா பற்றி இப்போது நிறையப் பேச்சு. பிரிட்டனில் 2022இல் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் சில அரசு அனுமதியோடு சோதித்தும் பார்த்தன. மெஷினுக்குக் கூச்சம் கிடையாது, வெள்ளிக்கிழமை இரவும் களைக்காது. என் அளவுகோலில் இது முதல் மதிப்பெண் வாங்க வேண்டியது.

துல்லியத்தில்தான் பிரச்சினை. அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டில், விசா புகைப்படங்களை வைத்துப் பார்த்தபோது சராசரிப் பிழை சுமார் 3.1 வருடம். 2014இல் அது 4.3 ஆக இருந்தது. முன்னேற்றம்தான். ஆனால் விசா போட்டோ என்பது வெளிச்சம், நேர்ப்பார்வை எல்லாம் ஒழுங்காக அமைந்த படம். கடையில் தொப்பியோடு, பக்கவாட்டில், மங்கிய விளக்கில் நிற்கும் முகம் அப்படி இருக்காது. பெண்களின் முகத்தில் பிழை பொதுவாகக் கூடுதல் என்பதும் அந்த மதிப்பீட்டில் தெரிந்தது. சராசரியே மூன்று வருடம் தப்பும் கருவியை 18இல் வைக்க முடியாது. 25 என்ற கோட்டில்தான் வைக்க வேண்டும், அதற்குக் கீழே வந்தால் பழையபடி அட்டை கேட்க வேண்டும். ஆக, கேமரா வந்தாலும் 25 விதி போகாது. கேட்கப்படுபவர்களின் எண்ணிக்கை குறையும், அவ்வளவே. முகப்படத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கும் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒற்றைக் கல்லாக் கடைக்கு இது இப்போதைக்குத் தேவையில்லை.

போனில் வரும் டிஜிட்டல் அடையாளத்தை நான் அப்படி ஒதுக்க மாட்டேன். மொபைல் ஓட்டுநர் உரிமத்துக்கான சர்வதேசத் தரநிலை 2021இல் வந்தது. அதில் பிறந்த தேதியையும் முகவரியையும் மறைத்துவிட்டு, "18க்கு மேல்: ஆம்" என்பதை மட்டும் காட்ட முடியும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2026 முடிவதற்குள் தங்கள் மக்களுக்கு டிஜிட்டல் வாலட் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பல நாடுகளின் ஓட்டுநர் உரிமத்தில் வீட்டு முகவரி அச்சிட்டிருக்கும். இரவில் தனியாகக் கடைக்கு வரும் ஓர் இளம்பெண் அதை முன்பின் தெரியாத ஊழியரிடம் நீட்டத் தயங்குவது நியாயம். அந்தத் தயக்கத்துக்கு இதில் பதில் இருக்கிறது. ஆனால் கடையில் அதைப் படிக்கும் கருவி வேண்டும். போன் திரையில் அட்டையின் போட்டோவைக் காட்டுவது இதில் சேராது. அதை ஏற்கவே கூடாது.

பயிற்சியும் பதிவேடும்

பயிற்சி கொடுத்தோம் என்று கையெழுத்து வாங்கி வைப்பது எல்லாக் கடைகளும் செய்வது. பயிற்சி மட்டும் தனியாக விற்பனையைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் பலவீனம். சட்டப் பிரிவுகளைப் படித்துக் காட்டும் பயிற்சி எதற்கும் உதவாது என்று நானும் நினைக்கிறேன். கற்றுக்கொடுக்க வேண்டியவை கைவேலைகள். அட்டையைப் பர்ஸிலிருந்து வெளியே எடுத்துத் தரச் சொல்வது. விரலால் ஓரத்தைத் தடவிப் பார்ப்பது, ஹாலோகிராம் இருந்தால் சாய்த்துப் பார்ப்பது. போட்டோவில் முடியைப் பார்க்காமல் காது, மூக்கு, தாடையைப் பார்ப்பது. முடி மாறும், காது மாறாது. போலி அட்டையைப் பற்றியே எல்லோரும் பயப்படுகிறார்கள், எனக்கென்னவோ அண்ணனுடைய அட்டையை இரவல் வாங்கி வரும் தம்பிதான் பெரிய கவலை. "எந்த வருஷம் பிறந்தீங்க?" என்று சட்டென்று கேட்டால் இரவல் அட்டைக்காரர் ஒரு நொடி திணறுவார்.

அதைவிட முக்கியம், மறுத்த ஊழியருக்குப் பின்னால் முதலாளி நிற்பது. ஊழியர் முடியாது என்று சொன்ன பிறகு முதலாளி உள்ளேயிருந்து வந்து, "விடுப்பா, தெரிஞ்ச பையன்தான், கொடுத்தனுப்பு" என்று ஒரே ஒருமுறை சொன்னால் போதும். அந்த ஊழியர் அதற்கப்புறம் யாரையும் கேட்க மாட்டார். வயது கேட்கும்போதுதான் கடை ஊழியர்கள் மேல் வசவும் மிரட்டலும் விழுகின்றன என்பதால் ஸ்காட்லாந்து 2021இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. வயது விதியை அமல்படுத்தும்போது ஊழியரைத் தாக்கினால் குற்றம் கூடுதல் கடுமையாகப் பார்க்கப்படும்.

மறுப்புப் பதிவேடு என்பது ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், என்ன கேட்டார், யார் மறுத்தது. அதிகாரி வந்தால் காட்டுவதற்கு என்றுதான் பலர் வைத்திருக்கிறார்கள். அதன் உண்மையான உபயோகம் வேறு: யாருடைய பெயர் அதில் இல்லை என்று பாருங்கள். வாரத்தில் நான்கு மாலை நேரம் நிற்கும் ஒருவர் இரண்டு மாதமாக ஒருவரைக்கூட மறுக்கவில்லை என்றால், அவரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. யாரையும் கேட்காமல் விற்பவர் யார் என்ற தகவல் வேறெங்கும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

ஆள் அனுப்பிப் பார்ப்பது

அதிகாரிகள் வயது குறைந்த தன்னார்வலரை அனுப்பிச் சோதிக்கும் முறை பல நாடுகளில் இருக்கிறது. பயம் வேலை செய்யும், ஆனால் நாள்பட நிற்காது. அமெரிக்காவில் பல ஊர்களில் நடத்தி 2005இல் வெளியான ஓர் ஆய்வில், சோதனை நடந்தவுடன் விற்கும் வாய்ப்பு 17 சதவீதம் குறைந்தது. வாங்கி வெளியே எடுத்துப்போகும் கடைகளில் மூன்று மாதத்துக்குள் அந்தப் பலன் முழுவதும் காணாமல் போய்விட்டது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் அதிகாரியை நம்பி ஒரு கடை தன் பழக்கத்தைக் காப்பாற்ற முடியாது என்பதுதான் இதன் பொருள்.

தண்டனையும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இங்கிலாந்து, வேல்ஸில் மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை பிடிபட்டால் தொடர் விற்பனைக் குற்றம். வழக்குக்குப் பதிலாக 48 முதல் 336 மணி நேரம் வரை மது விற்பனையை நிறுத்திவைக்கவும் வழி உண்டு. நெதர்லாந்தில் ஓராண்டில் மூன்று முறை பிடிபட்ட கடைக்கு 12 வாரம் வரை மது விற்கத் தடை விதிக்கலாம். ஊழியருக்கு மட்டும் அபராதம் போடுவதைவிட இவை நல்லவை. ஊழியருக்குப் போட்டால் அவர் வேலையை விட்டுப் போவார், அடுத்தவர் அதே தவறைச் செய்வார். கடையின் விற்பனை நின்றால் பில்லிங் மெஷினை மாற்றும் அதிகாரம் உள்ளவருக்கு வலிக்கும்.

கடைக்காரர் தானே ஆள் அனுப்பிப் பார்க்கலாம். இதற்கு வயது குறைந்தவர் தேவையில்லை, தேவைப்படவும் கூடாது. சட்டப்படி வாங்க உரிமையுள்ள 19, 20 வயதுக்காரர் ஒருவரை அனுப்பி, அவரிடம் அட்டை கேட்டார்களா என்று மட்டும் பார்த்தால் போதும். 25 விதி இருக்கும் கடையில் அவரைக் கேட்டே ஆக வேண்டும். கேட்டிருந்தால் அன்றைக்கே ஊழியரைப் பாராட்டுங்கள். கேட்காவிட்டால் வேலையை விட்டு அனுப்பாமல் பேசுங்கள்; இல்லையென்றால் அடுத்த முறை எல்லோரும் சோதனைக்காரரின் முகத்தை ஒருவருக்கொருவர் போனில் அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

எதை எடுப்பது

முதலாளியே கல்லாவில் நிற்கும் ஒற்றைக் கடை என்றால் 25 விதி, தேதி எழுதிய அட்டை, பதிவேடு போதும். அங்கே எதிரி பழகிய முகம்தான். அதை எந்த மெஷினும் தீர்க்காது. மூன்று நான்கு பேர் மாறி மாறி நிற்கும் கடை என்றால் முதல் செலவு தேதி காட்டும் பில்லிங் மெஷினுக்கு, கேட்கும் வயதுக்கான கோடு 40இல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சொந்தச் சோதனை. அட்டை ஸ்கேனர் அதற்கப்புறம் வரட்டும். கேமராவைப் பெரிய சங்கிலிக் கடைகளுக்கு விட்டுவிடலாம். சிறிய பாட்டில்களையும் மலிவு வகைகளையும் கல்லாவுக்குப் பின்னால் மாற்றுவது திருட்டைத் தடுக்கும், வயது விஷயத்தில் பெரிதாக எதுவும் செய்யாது.

இத்தனையும் செய்தாலும் வாசலுக்கு வெளியே ஒரு பெரியவரிடம் காசைக் கொடுத்து வாங்கச் சொல்லும் பிள்ளைகள் இருப்பார்கள். இளையவர்களில் பலருக்கு மது கிடைப்பது நண்பர்கள், வீட்டார் வழியாகத்தான். கடைக்குள் இருப்பவரால் செய்ய முடிவது கொஞ்சமே: வெளியே கூட்டமாக நின்று பேசிவிட்டு ஒருவர் மட்டும் உள்ளே வந்தால், அவருக்கு 30 வயதானாலும் மறுக்கலாம், மறுத்ததைப் பதிவேட்டில் எழுதலாம்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடைகள் ஒன்றைத் தனியாக முடிவு செய்ய வேண்டும். ஆர்டர் போடும்போது இணையத்தில் வயதைக் குறித்தது கணக்கில் வராது. கதவைத் திறப்பவரிடம் அட்டை பார்க்கச் சொல்ல வேண்டும். பார்க்க முடியாவிட்டால் பையைத் திருப்பிக் கொண்டுவரும் டெலிவரிக்காரருக்கு அந்த நடைக்கான கூலி முழுவதும் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கூலி போய்விடும் என்று பயந்தால் யார் வீட்டு வாசலிலும் அவர் வயது கேட்க மாட்டார்.